ரெண்டு கண்ணு, ஒரு ஆளு: கண் டேட்டாவுல பிஎச்டி பண்ணலாமான்னு கேக்கறவங்களுக்கு

போன மாசம் கோலாலம்பூர் செந்தூல்ல ஒரு கல்யாணம். பந்தியில சித்தப்பா பொண்ணு வந்து பக்கத்துல உக்காந்தா. ஸ்டாட்டிஸ்டிக்ஸ்ல மாஸ்டர்ஸ் முடிச்சிட்டு கேஎல்ல ஒரு இன்சூரன்ஸ் கம்பெனில ரெண்டு வருஷமா எக்ஸெலோட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கா. "அண்ணே, இங்கிலாந்துல ஒரு பிஎச்டி விளம்பரம் பாத்தேன், ஸ்டாட்டிஸ்டிக்ஸ்தான் ஆனா கண் நோய் சம்பந்தமா, நான் பயாலஜிய பள்ளிக்கூடத்துல எஸ்பிஎம் பரீட்சையோட விட்டுட்டேனே, எனக்கு சரிப்படுமா?"ன்னு கேட்டா. பாயசம் வர்றதுக்குள்ள சொல்லி முடிக்கிற விஷயமா இது. வீட்டுக்கு வந்து வாட்ஸ்அப்ல வாய்ஸ் மெசேஜா அனுப்ப ஆரம்பிச்சேன், நீண்டுக்கிட்டே போச்சு, சரி இவள மாதிரி இன்னும் நாலு பேருக்கு உதவட்டுமேன்னு எழுதிட்டேன்.

பயாலஜி பத்தி ரொம்ப கவலைப்பட வேண்டாம், அத ஆறு மாசத்துல படிச்சிக்கலாம், கண் டாக்டர்ங்க சந்தோஷமா சொல்லித் தருவாங்க. பிரச்சனை வேற இடத்துல இருக்கு. மனுஷனுக்கு கண்ணு ரெண்டு. இத கேட்டா சிரிப்பு வரும், ஆனா இந்தத் துறையில பாதி தலைவலி இங்கதான் ஆரம்பிக்குது.

என் கதையவே சொல்றேன். நான் வேலைக்கு சேர்ந்த புதுசுல, இனிப்புநீர் (சக்கரை வியாதி) காரங்களோட கண் ரிசல்ட் ஒரு ஃபைல் வந்துச்சு, 200 வரிசை. ரெண்டு குரூப்ப ஒப்பிடற டி-டெஸ்ட்ட அழகா போட்டு, பி-வேல்யூ 0.03 வந்துருச்சு, அதாவது வெறும் தற்செயல்னு தள்ள முடியாத வித்தியாசம்னு நெஞ்ச நிமித்திக்கிட்டு கொண்டு போய் காட்டினேன். அங்க இருந்த ஒரு சீனியர் அம்மா கண்ணாடிய இறக்கி என்னைப் பாத்து ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க, "தம்பி, எத்தன பேரு?" 200 கண்ணுங்க மேடம்னேன். "கண்ணு கேக்கல, ஆளு எத்தன?" 100 ஆளு. ஒரே ஆளோட வலது கண்ணும் இடது கண்ணும் ஒரே ரத்தம், ஒரே சக்கரை, ஒரே வயசு, ஒரே பிரஷர், ஒரே தாத்தா பாட்டி ஜீன். வலது கண்ணு எப்படி இருக்குன்னு தெரிஞ்சாலே இடது கண்ண பாதிக்கு மேல ஊகிச்சிடலாம். அப்ப ரெண்டாவது கண்ணு புதுசா எவ்ளோ தகவல் குடுக்குது? கணக்கு போட்டு பாருங்க, ரெண்டு கண்ணுக்கும் நடுவுல கோரிலேஷன், அதாவது ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போற அளவு, 0.6னு வெச்சா, 200ஐ 1.6ஆல (1 + 0.6) வகுக்கணும், 125 வரும். அதாவது என் கையில இருந்தது 200 கண்ணு இல்ல, கிட்டத்தட்ட 125 கண்ணோட சரக்குதான். திரும்ப கணக்கு போட்டதுல அந்த 0.03 காணாம போச்சு, நானும் கொஞ்ச நாள் அந்தப் பக்கம் தலை காட்டல.

இது ஒண்ணும் புது கண்டுபிடிப்பு இல்ல. பெர்னார்ட் ராஸ்னர் 1982லயே பயோமெட்ரிக்ஸ் ஜர்னல்ல கண் டேட்டாவுக்குன்னே இந்த கோரிலேஷன எப்படி சரிக்கட்டறதுன்னு எழுதிட்டாரு. 1986ல லியாங், ஸெகர் ரெண்டு பேரும் இப்படி ஒண்ணோட ஒண்ணு ஒட்டி வர்ற டேட்டாவுக்கு ஜிஇஇங்கற முறைய குடுத்தாங்க, அதே சிக்கல சமாளிக்கற மிக்ஸட் மாடலும் இப்ப எல்லா சாஃப்ட்வேர்லயும் இருக்கு. இருந்தும் 2014ல பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் ஆப்தால்மாலஜில கண் டாக்டர்ங்களுக்காக புள்ளியியல் குறிப்பு தொடர் ஆரம்பிச்சப்ப, மொத குறிப்பே ஆள எண்றதா கண்ண எண்றதாங்கற இந்த விஷயம்தான். 32 வருஷம் கழிச்சும் அதையே சொல்ல வேண்டியிருக்குன்னா ஃபார்முலா இல்லாதது குறை இல்ல, ஃபார்முலா தெரிஞ்சவங்க கண் டாக்டர்ங்க பக்கத்துல போய் உக்காரல, அதான் குறை. பிஎச்டிக்கு இடம் இருக்கான்னு கேட்டா என் பதில் இதுலயே இருக்கு.

ரெண்டு கண்ணுங்கறது தொந்தரவு மட்டும்னு நெனச்சிடாதீங்க, வரமும் அதான். 1970கள்ல அமெரிக்காவுல டயபெட்டிக் ரெட்டினோபதி (சக்கரையால விழித்திரை கெடறது) ஸ்டடின்னு ஒண்ணு நடந்துச்சு, 1,700க்கும் மேல ஆளுங்க, ஒவ்வொருத்தருக்கும் ஒரு கண்ணுல லேசர், இன்னொரு கண்ண சும்மா விட்டாங்க. ஒரே ஒடம்புல சிகிச்சையும் இருக்கு ஒப்பீடும் இருக்கு, இத விட சுத்தமான சோதனை வேற எங்க கெடைக்கும். லேசர் போட்ட கண்ணுல மோசமான பார்வை இழப்பு பாதிக்கு மேல கொறஞ்சது, 1976ல வெளிய சொன்னாங்க, இன்னிக்கும் லேசர் போடறதுக்கு அடிப்படை அதுதான். ஆனா இப்ப கண்ணுக்குள்ள ஊசி போடற காலம், ஒரு கண்ணுல போட்ட மருந்து கொஞ்சம் ரத்தத்துல கலந்து அடுத்த கண்ணுக்கும் போக வாய்ப்பிருக்கு, அப்ப அந்த சும்மா விட்ட கண்ணு நெஜமாவே சும்மா இருக்கா? அதுக்கு மேல, டாக்டர் கண்ணுக்கு மருந்து குடுக்கறாரு, ஆனா பஸ் நம்பர் படிக்கறது ஆளு, அதுவும் நல்லா தெரியற கண்ண வெச்சு. கண்ணு அளவுல கெடைச்ச பலன ஆளோட வாழ்க்கை அளவுக்கு எப்படி கொண்டு போறது? இதுல ஒரு தீசிஸ் தாராளமா எழுதலாம்.

அடுத்து கிளாக்கோமா, கண் நரம்பு மெல்ல மெல்ல சாகற நோய், இது கணக்கு ரசிகர்களுக்கு விருந்து. பார்வைப் பரப்பு டெஸ்ட் எடுத்தவங்களுக்கு தெரியும், தலைய ஒரு கிண்ணத்துக்குள்ள விட்டு, நேரா பாத்துக்கிட்டே, சின்ன வெளிச்சம் தெரியறப்பல்லாம் பட்டன அமுக்கணும். எங்கம்மாவுக்கு எடுத்தப்ப பாதியில தூங்கிட்டாங்க. ஹம்ஃப்ரி மெஷின்ல 24-2ங்கற வழக்கமான டெஸ்ட்டு 54 புள்ளிய சோதிக்கும், அதுல குருட்டுப் புள்ளிகிட்ட வர்ற ரெண்ட எடுத்துட்டா 52. ஒவ்வொண்ணுக்கும் டெசிபெல்ல ஒரு நம்பர், சைபருக்கு கீழ மெஷினால அளக்க முடியாது, அதனால டேட்டா அங்கயே முட்டிக்கிட்டு நிக்கும். பார்வை கொறைய கொறைய அளவுல ஆட்டம் ஜாஸ்தியாகும், இன்னிக்கு 12, அடுத்த வாரம் 18, நோய் மாறவே இல்ல. பக்கத்து பக்கத்து புள்ளிங்களுக்கு சொந்தம் இருக்கு, ஆனா அந்த சொந்தம் தூரத்த பொறுத்து இல்ல, கண் நரம்புல நார் ஓடற பாதைய பொறுத்து. மேல் பாதியில இருக்கற ஒரு புள்ளியும் அதுக்கு நேர் கீழ நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கற புள்ளியும் ஒட்டி இருந்தாலும் வேற வேற நாருங்க. தூரத்த வெச்சு கணக்கு போடற, பாடப்புத்தகத்துல இருக்கற ஸ்பேஷியல் மாடல தூக்கி அப்படியே மேல போட்டா பொய் சொல்லும்.

இவ்ளோ ஆட்டத்துக்கு நடுவுல இந்த ஆளுக்கு நோய் வேகமா போகுதா இல்லையான்னு டாக்டர் முடிவு பண்ணணும். 2008ல வந்த ஒரு பரிந்துரைப்படி, வேகமா போற ஆள கண்டுபிடிக்க மொத ரெண்டு வருஷத்துல 6 தடவ டெஸ்ட்டு எடுக்கணும். நம்ம கவர்மெண்ட் ஆஸ்பத்திரி கூட்டத்த நெனச்சு பாருங்க, காலையில ஆறரைக்கே நம்பர் எடுக்க நிக்கறாங்க, எங்க போய் 6 தடவ. ஆக குறைஞ்ச டெஸ்ட்டுல நெறைய தகவல் எடுக்கற மாடல் வேணும். இது வெறும் அலங்காரம் இல்லன்னு 2015ல லேன்செட் மருத்துவ ஜர்னல்ல வந்த பிரிட்டிஷ் கிளாக்கோமா ட்ரையல் காட்டுச்சு. 516 பேரு, லாட்டனோபிராஸ்ட் சொட்டு மருந்தா வெறும் சொட்டான்னு ஒப்பிட்டாங்க. முன்னாடியெல்லாம் இந்த மாதிரி சோதனைக்கு அஞ்சு வருஷம் ஆகும், இவங்க டெஸ்ட்டுங்கள ஆரம்பத்துலயும் கடைசியிலயும் குவிச்சு வெச்சு 24 மாசத்துல பதில் வாங்கிட்டாங்க, மருந்து போட்டவங்கள்ல 15.2%, போடாதவங்கள்ல 25.6% பேருக்கு பார்வைப் பரப்பு மோசமாச்சு. டெஸ்ட்ட எப்ப எடுக்கறதுங்கற முடிவாலயே அந்தக் காலம் மிச்சம். லண்டன்ல சிட்டி செயின்ட் ஜார்ஜஸ் பல்கலைக்கழகத்துல டேவிட் கிராப் மாதிரி ஆளுங்க பேராசிரியர் பதவிப் பேர்லயே புள்ளியியலையும் பார்வை ஆராய்ச்சியையும் சேத்து வெச்சிருக்காங்க, நம்ம ஊர்ல அப்படி ஒரு நாற்காலி நான் பாத்ததில்ல.

இப்ப நம்ம வீட்டுக் கதைக்கு வருவோம், இனிப்புநீர். 2019 தேசிய சுகாதார ஆய்வுப்படி மலேசியாவுல பெரியவங்கள்ல 18.3% பேருக்கு இருந்துச்சு, இந்தியர்கள மட்டும் எடுத்தா 31.4%. மூணு பேருக்கு ஒருத்தர் கிட்டத்தட்ட. மாமாக் கடையில தே தாரிக் குடிச்சிக்கிட்டு மேசைய சுத்தி எண்ணிப் பாருங்க. 2014ல எடுத்த ரெண்டாவது தேசிய கண் ஆய்வுல 50 வயசுக்கு மேல 1.2% பேருக்கு ரெண்டு கண்ணும் தெரியல, காரணத்துல 58.6% கண்புரை, 10.4% சக்கரையால வர்ற விழித்திரை பாதிப்பு. கண்புரைய ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம், விழித்திரை போனா போனதுதான், அதனால முன்கூட்டியே போட்டோ எடுத்து பாக்கணும். எத்தன மாசத்துக்கு ஒரு தடவ? எல்லாருக்கும் வருஷத்துக்கு ஒண்ணுன்னு சொல்றது சுலபம். ஆனா அஞ்சு வருஷமா சக்கரைய கட்டுல வெச்சிருக்கற டீச்சருக்கும், 15 வருஷமா இருந்தும் மருந்த ஒழுங்கா எடுக்காத லாரி ட்ரைவருக்கும் ஒரே இடைவெளியா?

லிவர்பூல்ல இதத்தான் கையில எடுத்தாங்க. ஆளுக்கு ஆள் ரிஸ்க் கணக்கு போட்டு 6, 12, இல்ல 24 மாசம்னு தேதி குடுத்து, 4,534 பேர வெச்சு ட்ரையல் நடத்தி 2021ல வெளியிட்டாங்க, வருஷா வருஷம் கூப்புடறதோட ஒப்பிட்டா பாதுகாப்புல குறையல, கூப்புடற தடவையும் கொறஞ்சது. அதுக்குள்ள ஓடற இன்ஜின் மல்டி-ஸ்டேட் மாடல், நோய் இல்ல, லேசா இருக்கு, முத்திருச்சுன்னு படிப்படியா ஆள் எப்படி நகர்றாருங்கற கணக்கு. இதுல ஒரு சிக்கல், நோய் எந்த நாள் ஆரம்பிச்சதுன்னு யாருக்கும் தெரியாது, போன மார்ச் போட்டோவுல இல்ல இந்த மார்ச் போட்டோவுல இருக்கு, நடுவுல என்னிக்கோ. இன்டர்வல் சென்ஸாரிங்னு பேரு. இதுக்கெல்லாம் முறை இருக்கு, ஆர்ங்கற புள்ளியியல் சாஃப்ட்வேர்ல எம்எஸ்எம்னு ஒரு பேக்கேஜே இருக்கு. முறை சரியா இல்லாத இடம் எதுன்னா, நம்மாளுங்க எப்ப கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசாங்க சுகாதார கிளினிக்) போறாங்கங்கறது. அப்பாயின்மென்ட் தேதிக்கு இல்ல, கண்ணு மங்கினா போவாங்க. அப்ப டேட்டாவுல வர்ற விசிட்டே நோயால வந்த விசிட். நல்லா இருக்கறவங்க வரல, ரொம்ப மோசமானவங்களும் வரல, கூட்டிட்டு வர ஆள் இல்ல. இந்த ஓட்டைய கணக்குல எடுக்காம லிவர்பூல் மாடல தூக்கிட்டு வந்து கிள்ளான்ல போட்டா என்ன ஆகும்? எனக்கு தெரிஞ்ச வரைக்கும் ஒரு மலேசியத் தமிழ்ப் பிள்ளைக்கு இத விட பொருத்தமான பிஎச்டி கேள்வி கெடையாது, ஏன்னா அந்த லாரி ட்ரைவர் ஏன் வரலங்கறது அவளுக்கு தெரியும், அவ பெரியப்பாவே அப்படித்தான்.

ஏஐ பத்தி கேக்காம விடமாட்டீங்க. 2016ல கூகுள் ஆளுங்க 1,28,175 விழித்திரை படத்த வெச்சு பழக்கின மாடல் ஜாமாங்கற மருத்துவ ஜர்னல்ல வந்துச்சு, மதுரை அரவிந்தும் சென்னை சங்கர நேத்ராலயாவும் அதுல கூட்டு. 2018ல அமெரிக்காவுல டாக்டர் பாக்காமலே ரிசல்ட் சொல்ற மெஷினுக்கு அனுமதியும் கெடைச்சிருச்சு. இனி புள்ளியியல்காரனுக்கு என்ன வேலைன்னு கேப்பாங்க. ஒரு கணக்கு சொல்றேன். நோய் இருக்கறவங்கள்ல 87% பேர சரியா புடிக்குது, இல்லாதவங்கள்ல 90% பேர சரியா விடுதுன்னு ஒரு மெஷின் இருக்கட்டும். 1,000 பேர்ல 100 பேருக்கு நோய் இருக்கற ஊர்ல, 87 பேர சரியாவும் 90 பேர தப்பாவும் இழுத்துட்டு வரும், பாதிக்கு மேல வீண் அலைச்சல். அதே மெஷின 300 பேருக்கு நோய் இருக்கற இடத்துல வெச்சா 261 சரி, 70 தப்பு. மெஷின் மாறல, ஊரு மாறுச்சு. அரை நாள் சம்பளம் போயி கிராப் டாக்ஸி காசு போயி பெரிய ஆஸ்பத்திரிக்கு அலைஞ்சு "ஒண்ணும் இல்ல பாட்டி"ன்னு அனுப்பிட்டா, அந்தப் பாட்டி அடுத்த தடவ வருவாங்களா? மாடல் செய்யறதுக்கு ஆயிரம் பேர் வரிசையில நிக்கறாங்க, இத அளக்கறதுக்குத்தான் ஆள் பஞ்சம்.

சரி, எங்க போய் பண்றது. கேஎல்லயே பண்ணலாம்னு நான் சொன்னா சித்தப்பா பொண்ணு முகம் சுண்டிப் போகும், ஆனா கேளுங்க. நம்மகிட்ட தேசிய கண் தகவல் தளம்னு ஒண்ணு இருக்கு, அதுல கண்புரை ஆபரேஷன் பதிவேடு 2002ல இருந்து ஓடுது. ஒவ்வொரு டாக்டரும் தன்னோட ஆபரேஷன் ரிசல்ட்ட கியூசம் சார்ட்ல பாக்கலாம், நல்லா முடிஞ்சா கோடு இறங்கும், லென்ஸுக்குப் பின்னாடி இருக்கற சவ்வு கிழிஞ்சா கோடு ஏறும், எல்லைய தாண்டினா என்ன தப்புன்னு உக்காந்து பாக்கணும். ஃபேக்டரில போல்ட்டு நட்டு தரம் பாக்க கண்டுபிடிச்ச சார்ட்டு, இங்க ஆபரேஷன் தியேட்டர்ல. ஆனா கஷ்டமான கேஸெல்லாம் சீனியர் டாக்டர் தலையில விழும், அவர் கோடு ஏறினா அது அவர் தப்பா? கேஸோட கஷ்டத்த எப்படி கழிக்கறது, கத்துக்கற டாக்டருக்கு எல்லைய எங்க வெக்கறது, எல்லாமே சுத்தமான புள்ளியியல். இந்த அளவுக்கு பழைய பதிவேடு பல நாட்டுல இல்ல.

யூனிவர்சிட்டி மலாயால கணித இன்ஸ்டிட்யூட்டும் கண் டிபார்ட்மென்ட்டும் ஒரே லெம்பா பந்தாய் பக்கம். யூகேஎம் பல்கலைக்கழகத்தோட கோலாலம்பூர் வளாகத்துல ஆப்டோமெட்ரி இருக்கு, செராஸ்ல அவங்க ஆஸ்பத்திரி. பினாங்குல யூஎஸ்எம் பல்கலைக்கழகத்தோட கணிதப் பள்ளி நல்ல பேரு, ஆனா அவங்க மருத்துவ வளாகம் கிளந்தான் குபாங் கெரியான்ல, நடுவுல ஒரு மலையே இருக்கு, அத முன்கூட்டியே யோசிச்சு ரெண்டு பக்கமும் ஒரு சூப்பர்வைசர் புடிச்சிடணும். எங்க போனாலும் ரெண்டு சூப்பர்வைசர் கட்டாயம், ஒருத்தர் புள்ளியியல், ஒருத்தர் கண் டாக்டர். ஒருத்தர் மட்டும் இருந்தா தீசிஸ் ஒத்தக்கண்ணா போயிடும். அரசாங்க ஆஸ்பத்திரி டேட்டான்னா என்எம்ஆர்ஆர்ங்கற தேசிய மருத்துவ ஆராய்ச்சி பதிவேட்டுல பதிவு பண்ணி எதிக்ஸ் அனுமதி வாங்கணும், பதிவு பண்ண மறுநாளே ஃபைல் வந்துரும்னு எதிர்பாக்காதீங்க. மொத செமஸ்டர்லயே அத போட்டு விட்டுட்டு, காத்திருக்கற நேரத்துல சிமுலேஷன் பண்ணுங்க. காசு விஷயத்துல கிராண்ட் இருக்கற சூப்பர்வைசர்கிட்ட ஜிஆர்ஏ (ஆராய்ச்சி உதவியாளர்) வேலை, இல்ல மைபிரெய்ன் 2.0 மாதிரி அரசாங்க உதவி.

பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூர். அங்க கண் ஆராய்ச்சி நிலையம் மலாய்க்காரங்க 3,280, இந்தியர்கள் 3,400, சீனர்கள் 3,353னு 10,000க்கும் மேல ஆளுங்கள 2004ல இருந்து அளந்து வெச்சிருக்கு. இந்திய ஆய்வு 2007ல இருந்து 2009 வரைக்கும் நடந்தது. சிங்கப்பூர் இந்தியர்கள்ல தமிழர்தான் அதிகம், அதாவது நம்ம கண்ணு பத்தி இருக்கற நல்ல டேட்டா ஜொகூர் பாரு தாண்டி இருக்கு. டியூக்-என்யூஎஸ்ல அளவு சார்ந்த மருத்துவத்துக்குன்னே பிஎச்டி இருக்கு, சிங்கா உதவித்தொகையும் பாருங்க.

இங்கிலாந்துல மூணு நாலு வருஷம், கேள்விய அவங்களே எழுதி விளம்பரம் போடுவாங்க, நீங்க அதுக்கு விண்ணப்பிக்கணும். 2021ல இருந்து யூகேஆர்ஐங்கற பிரிட்டிஷ் அரசாங்க ஆராய்ச்சி நிதி அமைப்போட பணம் வெளிநாட்டு மாணவங்களுக்கும் உண்டு, ஆனா மொத்த எண்ணிக்கையில 30% தாண்டக்கூடாது, அதோட உள்ளூர் ஃபீஸ் வெளிநாட்டு ஃபீஸ் வித்தியாசத்த யார் கட்டறதுன்னு மொத மெயில்லயே கேட்டுடுங்க, கூச்சப்பட்டா நஷ்டம் நமக்குத்தான். ஆஸ்திரேலியாவுல மெல்பர்ன் கண் ஆராய்ச்சி மையம் இருக்கு, அந்த ஊர் அரசாங்கத்தோட ஆர்டிபி உதவித்தொகையும் பாருங்க. அமெரிக்காவுல அஞ்சு வருஷம், மொத ரெண்டு வருஷம் பாடம், தியரி பலமா ஏறும். அங்க பென்சில்வேனியாவுல கண் மருத்துவத்துக்குள்ளயே பயோஸ்டாட்டிஸ்டிக்ஸ் மையம் இருக்கு, கண்ணுக்குள்ள போடற ஊசியில விலை குறைஞ்ச அவாஸ்டின் விலை கூடின லூசென்டிஸுக்கு சளைச்சதில்லன்னு 2011ல காட்டின ட்ரையல ஒருங்கிணைச்சது அவங்கதான். வித்தியாசம் அஞ்சு எழுத்துக்குள்ள இருந்தா சமம்னு முன்கூட்டியே கோடு போட்டாங்க. அந்த அஞ்சு எழுத்துன்னா கண் சார்ட்ல ஒரு வரி, ஒரு வரியால எத்தன கோடி பணம் மிச்சம்னு யோசிங்க.

விண்ணப்பம் எழுதறதுக்கு முன்னாடி கைய அழுக்காக்கிடணும். வாஷிங்டன் பல்கலைக்கழகம் 3,871 நோயாளிகளோட 28,943 பார்வைப் பரப்பு டெஸ்ட்ட இலவசமா திறந்து வெச்சிருக்கு. எறக்கி, ஒரு தடவ ரெண்டு கண்ணையும் தனித்தனி ஆளா நெனச்சு மாடல் போடுங்க, இன்னொரு தடவ ஆளுக்குள்ள கண்ணு, கண்ணுக்குள்ள டெஸ்ட்டுன்னு அடுக்கி போடுங்க, ஸ்டாண்டர்ட் எர்ரர் எவ்ளோ வீங்குதுன்னு ஒரு பக்கத்துல எழுதுங்க. அந்த ஒரு பக்கத்த மெயில்ல சேத்து அனுப்பினா, "எனக்கு சின்ன வயசுல இருந்தே ஆராய்ச்சின்னா ஆசை"ன்னு வர்ற நூறு மெயில்ல இருந்து தனியா தெரியும்.

இதெல்லாம் வாய்ஸ் மெசேஜா அனுப்பினதுக்கு அவ ராத்திரி பதினொண்ணரைக்கு பதில் போட்டா. "டேட்டா எறக்கிட்டேன் அண்ணே. சில பேருக்கு ஒரு கண்ணுதான் இருக்கு ஃபைல்ல, இன்னொரு கண்ணு எங்க போச்சு?" நான் பதில் சொல்லல, அவ விண்ணப்பத்துல அதுவே மொத வரியா இருக்கட்டும்னு விட்டுட்டேன்.